மூன்றாவது அமெரிக்கன்

வியாழக்கிழமை காலைப் பயிற்சி முடிந்ததும் கோச் பாரி, லவெலின் தோளில் கை போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தார். பாரி யார் தோளிலாவது கை போட்டால் அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்பது பெலிக்கன்ஸ் கிளப்பில் தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

"மத்தியானம் உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"எனக்கு என்னைக்குக் கோச் மத்தியானம் வேலை இருந்திருக்கு?"

"அப்ப ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டு வந்துடு. டெட்ராய்ட்லேர்ந்து ஒரு பையன் வர்றான். சும்மா பாக்கலாம்னுதான் கூப்பிட்டிருக்கேன். உங்க ஊர் ஆள் முகத்தைப் பாத்தா அவனுக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"தங்குறது?"

"உன் ஃப்ளாட்டுல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு?"

லவெல் சரியென்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக்கில் ஓர் அணிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இரண்டு பேர்தான். மெக்கே ஊரின் பெலிக்கன்ஸில் ஒருவன் கார்ல். ஏழடி உயரம், கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தெல்லாம் அவன் கைக்குத்தான் போகும். அவன்மேல் கை வைக்க பாரிக்குப் பைத்தியமா? இன்னொருவன் லவெல் ப்ரூயிட், ஜார்ஜியாக்காரன், வயது முப்பத்து மூன்று, முட்டி இரண்டும் அதைவிடக் கிழம். அணி தொடர்ந்து தோற்றால் மூன்றாவதாக ஓர் அமெரிக்கனைச் 'சும்மா பார்க்க' வரவழைப்பார்கள். வந்தவன் சுமார் என்றால் அவனே திரும்பிப் போவான். நன்றாக ஆடினால், இருக்கிறவன் பெட்டி கட்டுவான். அந்த மூன்றாவது ஆளை விமானநிலையம் போய் அழைத்து வருவதும், வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவதும் இருக்கிறவன் பொறுப்பு. ஒரே நாட்டுக்காரர்கள், ஒத்தாசையாக இருக்கும் என்பார்கள். ஆட்டையே அனுப்பிக் கசாப்புக்காரரைக் கூட்டிவரச் சொல்கிற மாதிரி இது. ஆனால் யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. லவெலுக்குமே இத்தனை வருஷம் தெரியவில்லை.

இந்த ஒரு சீசனை மட்டும் அவன் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும். நிரந்தரமாக இந்த நாட்டிலேயே தங்க மனுப் போட்டிருந்தான். கிளப்பில் ஆட்டக்காரனாக இருக்கும்வரைதான் மனு நகரும், சீசன் முடிவதற்குள் முடிவு வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வந்துவிட்டால் பிறகு குடியுரிமை. அப்புறம் அவன் வெளிநாட்டுக் கணக்கில் வரமாட்டான். எந்த மூன்றாவது ஆளும் அவனை ஒன்றும் செய்ய முடியாது. ஜார்ஜியாவில் அவனுக்கு இனி யாரும் இல்லை. அம்மா இறந்ததும் அக்கா வீட்டை விற்றுவிட்டாள். எட்டு வருஷமாக இந்த நாட்டில் ஊர் ஊராக ஆடிக் கடைசியில் வந்து சேர்ந்த இந்தக் கரும்பு ஊர்தான் அவனுக்கு மிச்சம்.

விமானத்திலிருந்து இறங்கிய பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பெயர் ஆன்ட்வான். நெடுநெடுவென்று முழங்காலும் முழங்கையுமாக, கண் சிவந்து, இரண்டு நாள் பயணத்தில் கசங்கிப்போய் நின்றான்.

"நீங்கதான் கோச்சா சார்?"

"நான் கோச் இல்ல தம்பி. நானும் உன்னை மாதிரி வந்தவன்தான். பெட்டியைக் குடு."

"இங்க ஜூலை மாசம் குளிர்காலம்னாங்க. ஒண்ணும் குளிரலையே அண்ணே?"

"இதுதான் இவங்க குளிர். ஸ்வெட்டர் போட்டுட்டு நடுங்குவாங்க, பாரு."

பையன் சிரித்தான். லவெலுக்கு அவனைப் பிடித்துப்போனது. பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம்.

அந்த வாரம் மேட்ச் இல்லை; வெள்ளியும் சனியும் பயிற்சியில் ஆன்ட்வான் ஒன்றுக்கும் உதவவில்லை. எறிந்த பந்து கூடைப் பக்கமே போகவில்லை. ஓடும்போது கால் இவன் சொன்னதைக் கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் கட்டில் முனகிக்கொண்டே இருந்தது. அணித் தலைவன் நீல், தொழில் குழாய் ரிப்பேர், வாய் அதைவிடப் பெரிய தொழில், எல்லோர் காதிலும் விழும்படி லவெலைக் கேட்டான்:

"பையனுக்கு என்ன போட்ட நீ? உன் கோழிக் குழம்பா? அதான், வந்தவன் உசிருக்குப் போராடுறான்."

"நீ தின்னுட்டு நல்லாத்தானே இருக்க?"

"நான் தினம் சாக்கடையில கை விடுறவன்டா. எனக்கெல்லாம் எதுவும் ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். பாரி சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஆக, லவெல் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை வரை இருந்தால் போதும்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மற்ற நாள்களையாவது பயிற்சி, ஜிம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தருவது என்று தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையன்று ஊரே கடையை அடைத்துவிட்டு அவரவர் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். நீலுக்கு மனைவி, மூன்று குழந்தைகள், மாமனார், படகு. கார்ல் ஒரு பெண்ணோடு எங்கோ கடற்கரைக்குப் போய்விடுவான். லவெலுக்கு ஒரு வேலிப் பலகை மட்டும். அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிரேம் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்.

அன்றும் வாட்டினார். ஆலைக்கு வெட்டும் முன் எங்கோ கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தியிருந்தார்கள்; கருஞ்சாம்பல் இழை இழையாகக் காற்றில் வந்து கொடியில் காய்ந்த துணிமேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. லவெலும் ஆன்ட்வானும் பின்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கிரேம் வேலிக்குமேல் தலையை நீட்டினார்.

"எப்படிப் போகுது லவெல்? இதான் புதுப் பையனா? ஆத்தாடி, என்னா உயரம்! இந்தா, பிடிங்க."

ரொட்டித் துண்டில் சுருட்டிய சாஸேஜ் இரண்டு வேலியைத் தாண்டி வந்தன. பதிலுக்குக் காத்திராமல் கிரேம் தன் அடுப்புக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்ல, பத்துப் பேர் சேர்ந்து சிரித்தார்கள். நல்ல மனிதர். மூன்று வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் கொடுக்கிறார். வேலியில் ஒரு கதவு இருப்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆன்ட்வான் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"காலைல அம்மாகிட்டப் பேசினேன் அண்ணே."

"என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க. நானும் அழுதுட்டேன். எனக்கு மூச்சே விட முடியல இங்க. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க, ஆனா..." நிறுத்திக்கொண்டான். பிறகு லவெலை நேராகப் பார்த்தான். "எட்டு வருஷம் இருந்திருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க. இது பழகிடுமா?"

லவெல் கணக்குப் போட்டான். 'பழகிடும் தம்பி, ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ' என்று சொன்னால் பொய். பையன் தங்கிவிடவும் கூடும். உள்ளதைச் சொன்னால் நாளைக்கே விமானம் ஏறுவான். லாபம் நம் பக்கம் இருக்கும்போது உண்மை பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தான் நல்லவனா கெட்டவனா என்று அவனுக்கே அந்த நிமிஷம் விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தான்.

"பழகாது."

ஆன்ட்வான் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"கடைக்கு ரொட்டி வாங்கப் போனா வழியெல்லாம் கை குடுப்பாங்க. பிள்ளைங்க சட்டையில கையெழுத்துக் கேக்கும். அந்த ரொட்டியை வீட்டுக்குக் கொண்டாந்து நின்னுக்கிட்டே தின்பேன். உக்காந்து தின்னா எதிர்ல இருக்குற நாற்காலி கண்ணுல படுது, அதுக்காக. சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சு நாலாயிரம் பேர் என் பேரைச் சொல்லிக் கத்துவாங்க. அதுக்கப்புறம் திங்கட்கிழமை காலைல கோச் ஏதாவது கேக்குற வரைக்கும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பதில் சொல்லப் போனா குரல் வராது. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிச் சமாளிப்பேன்."

கணக்கோடுதான் ஆரம்பித்தான். பாதியில் கணக்கு எங்கோ விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"எங்கம்மா செத்த சேதி ஒரு மேட்ச் அன்னைக்கு வந்தது. ஆடினேன். வேற எங்க போறது, தனியா வீட்டுலயா உக்கார? முப்பது பாயின்ட் எடுத்தேன். முடிஞ்சதும் ஒருத்தர் வந்து, 'அம்மா விஷயம் கேள்விப்பட்டேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு'ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. அடுத்த மூச்சுலயே, 'கடைசில அந்த ஃப்ரீ த்ரோவை எப்படித் தவற விட்ட?'ன்னு கேட்டாரு. நான் அதுக்குப் பதில் சொன்னேன், தம்பி. நின்னு விளக்கமா பதில் சொன்னேன்."

அம்மாவுக்காக அன்றைக்கு வராத அழுகை, இத்தனை நாள் கழித்து, சாம்பல் பறக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முன்பின் தெரியாத ஒரு பையன் முன்னால் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆன்ட்வான் தன் நீண்ட கையை அவன் முதுகில் வைத்தான். வெகுநேரம் எடுக்கவேயில்லை. பிறகு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னவோ போல் சிரித்தான்.

"எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன் அண்ணே."

"என்னடா சொல்ற?"

"எல்லாரும் ஜாலியா இருக்காங்க, நான் மட்டும் இப்படி இருக்கேனே, நான் ஆம்பளையே இல்லபோலன்னு. உங்களுக்கும் இப்படித்தான்னா... அப்ப இது இப்படித்தான் இருக்கும். அவ்வளவுதானே? இருந்துக்கிட்டே ஆடலாம். நீங்க ஆடலையா?"

சொல்லிவிட்டு, ஆறிப்போன அந்த ரொட்டியை இரண்டு வாயில் தின்றான். உள்ளே போய் முந்தைய நாள் கோழிக் குழம்பைச் சட்டியோடு காலி செய்தான். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகவில்லை, குறட்டைதான் கேட்டது. இந்தப் பக்கம் லவெல் விழித்துக் கிடந்தான். பையனை அனுப்புவதற்கென்று எடுத்த மருந்து அவனைக் குணப்படுத்திவிட்டது.

திங்கட்கிழமை காலை பாரி இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். ஆன்ட்வானைத் தடுக்க வேண்டியது லவெல். விட்டுக்கொடுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிற வித்தையெல்லாம் காட்டினான். இடுப்பில் முட்டினான், சட்டையைப் பிடித்தான், பாரி பார்க்காதபோது காலைக்கூட மிதித்தான். பையன் இவனைத் தாண்டித் தாண்டிப் போய்க் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் லவெல் முட்டியில் கையூன்றி நின்றுவிட்டான். யாரும் கேலி செய்யவில்லை. நீல்கூட.

பாரி அவனை வாகன நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார்.

"உனக்கே தெரியும்."

"தெரியும் கோச். என் மனு..."

"நான் கிளப் தலைவர்கிட்டப் பேசிப் பாத்தேன்பா. இடம் ரெண்டுதான். நான் என்ன பண்ணட்டும்? நீ எவ்வளவு பெரிய மனுஷன்னு எனக்குத் தெரியாதா? பையனுக்கு அவ்வளவு செஞ்சிருக்க. நேத்து நீ பேசலைன்னா ஓடியே போயிருப்பேன்னு அவனே சொல்றான்." கண்ணில் நன்றியோடுதான் சொன்னார் பாவம்.

உடை மாற்றும் அறையில் நீல் பெஞ்சுமேல் ஏறி நின்று, "நம்ம லவெலுக்கு மூணு தடவை!" என்றான். எல்லோரும் மூன்று முறை 'ஹுரே' போட்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கை குலுக்கினார்கள். அணியில் ஒருவன் பள்ளி வாத்தியார், அவனுக்கு மணி அடித்துவிடும். பேங்க்காரனுக்குக் கதவு திறக்க வேண்டும். நீலுக்கு எங்கோ குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுகிறது. "ஒரு கார்டு போடுடா, சோம்பேறி" என்று இறுகக் கட்டிக்கொண்டுதான் போனான். கால்மணி நேரத்தில் அறை காலி. யார்மேலும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் மனதாரத்தான் கத்தினார்கள்.

ஆன்ட்வான் மட்டும் துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தான்.

"நான் வேணும்னு பண்ணல அண்ணே."

"தெரியும்டா. நல்லா ஆடின."

"இப்ப எங்க போவீங்க?"

லவெல் பைக்குள் காலணியைத் திணித்தான். "ஊருக்குத்தான். வேற எங்க?"

"ஊர்ல யாரு இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்க."

"நேத்து என்கிட்ட உண்மையைத்தானே சொன்னீங்க? இன்னைக்கும் சொல்லுங்க."

லவெலின் கை நின்றது. இந்த எட்டு வருஷத்தில் அவனுடைய முட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பாயின்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அமெரிக்காவில் நிஜமாகவே அவ்வளவு பெரிய கார்களா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே போவாய் என்று கேட்டவன் இவன் ஒருவன்தான்.

"தெரியல தம்பி" என்றான். "எனக்குப் போறதுக்கு இடமே இல்ல."

ஆன்ட்வான் அவன் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். லவெலுக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த நாட்டில் தன்னை அறிந்த ஒரு மனிதன் கடைசியில் கிடைத்துவிட்டான், அவனுக்கு இடம் விடத்தான் தான் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். இருவரும் தோளோடு தோள் ஒட்ட அப்படியே இருந்தார்கள்.

"ஆன்ட்வான்!" வெளியிலிருந்து பாரி கூப்பிட்டார். "சட்டை அளவு எடுக்கணும், வாப்பா!"

பையன் எழுந்திருக்கவில்லை.

"போ" என்றான் லவெல். "போடா, கூப்பிடுறாங்க."