ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் இரண்டு முகவரிகளும்

செல்வராசா அண்ணைக்கு மைக்கைக் கண்டால் தலைகால் புரியாது. ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் தலைவர். அந்த மைக்கால் போன சனிக்கிழமை ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் பரீட்சை பாழாகப் பார்த்தது.

எங்கள் தமிழ்ப் பரீட்சை இப்போது கணினியில்தான். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்துக்குள் எத்தனை கணினி இருந்தாலும், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே இணைய முகவரியாக மாற்றித்தான் வெளியே அனுப்பும். பரீட்சைச் சேர்வரோ ஒரு முகவரியிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்தால் மிச்சப் பேரைத் துரத்திவிடும். போன வருடம் அப்படித்தான் இருபது பேர் எழுதாமல் திரும்பினார்கள். என் மகள் ஆதிரையும் அதில் ஒருத்தி. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். இந்த முறையும் இப்படி நடந்தால் இனித் தமிழ் வகுப்புப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் சம்பளத்துக்குச் செய்வதும் இதே கணினி வலையமைப்பு வேலைதான். "அண்ணை, பள்ளிக்கூடத்திட்ட இரண்டாவது முகவரி ஒண்டு கேட்டு எழுதுங்கோ" என்று மூன்று கூட்டங்களில் சொன்னேன்.

"அதெல்லாம் பாப்பம் பிறேமா. நீங்கள் தேத்தண்ணியைக் கவனியுங்கோ."

கடைசியில் நானே எழுதிக் கேட்டு வாங்கினேன். என் சொந்த ரவுட்டரைக் கொண்டுவந்து கீழ்மாடி மண்டபத்தில் பொருத்தினேன். கீழ்மாடி வகுப்புகள் ஒரு முகவரியிலும் மேல்மாடி வகுப்புகள் மற்றதிலும் வெளியே போகும்படி விதிகளை எழுதினேன். சோதித்துப் பார்க்காமல் எதையும் சேமிப்பது என் வழக்கமில்லை. பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மேல்மாடிக்குப் போய்ச் சோதித்து, எல்லாம் சரியென்று கண்டு இறங்கி வந்தேன்.

ரவுட்டரில் ஒரு வெளிச்சமும் இல்லை. அதன் ஸ்டெக்கர், மின்செருகி, சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் அண்ணை "ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"மைக்குக்கு ஸ்டெக்கர் குத்த இடமில்லை. அதுதான் இதைக் கழட்டினனான். திரும்பக் குத்தினால் வேலை செய்யுந்தானே?"

"செய்யாது அண்ணை. சேமிக்க முதல் கழட்டிப்போட்டியள். எழுதினது முழுக்கப் போட்டுது."

"உதுக்கேன் இப்பிடிக் கோவப்படுறியள்?"

எனக்கு வந்தது கோபமில்லை, வெறி. மைக் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் குந்தினேன். அவசரத்தில் ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்து, முதல் வேலையாகச் சேமித்தேன். ஐம்பத்திரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

பதினொன்றரைக்கு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். அண்ணை மைக்கை வேறொரு மூலையில் குத்தி, தன் பேச்சை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார். அதுவும் என் ரவுட்டர் வழியாகத்தான்.

"இண்டைக்குப் பரீட்சை நல்லபடியா நடக்க உழைச்ச தம்பி சுதீரை மேடைக்கு அழைக்கிறன்."

சுதீர் என் கணவர். காலையிலிருந்து சமையலறையில் வடை பொரித்தவர். பொன்னாடை தோளில் விழ, திருட்டு முழி முழித்தார். இறங்கியதும் நேரே என்னிடம் வந்து அதை என் கையில் வைத்தார்.

"நான் சொல்லப் பாத்தனான் பிறேமா. மனுசன் மைக்கைத் தரேல்லை."

அப்போதே ரவுட்டரின் ஸ்டெக்கரை இழுக்கக் கை துடித்தது. ஆனால் ஒன்பது பிள்ளைகள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியாக வெளியே வந்தது ஆதிரை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அம்மா. எல்லாம் அனுப்பிப்போட்டன்."

அண்ணை சங்கத்தின் பதினான்கு வருடச் சாதனைகளில் ஆறாவது வருடத்துக்கு வந்திருந்தார். நான் ஸ்டெக்கரைக் கழற்றினேன். ரவுட்டரைப் பொன்னாடையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆதிரையோடு வாசலுக்கு நடந்தேன்.

"பிறேமா, நேரலை நிண்டிட்டுது" என்று அண்ணை மைக்கிலேயே கூப்பிட்டார்.

"ஸ்டெக்கர் குத்த இப்ப இடமிருக்கு அண்ணை" என்றேன்.