ஆறுதல்காரன்

இங்கிலிசுப் படங்களில் கள்ளர்கள் தங்களுக்குள் கதைக்கிற கதைக்குத் தமிழ் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வன்னியில், கனகராயன்குளத்தில் ஏரம்பருக்கு ஒரு மதிப்பு வந்தது. அதற்கு முன்னர் அவர் இடம்பெயர்ந்து வந்த எத்தனையோ பேரில் ஒருவர், அவ்வளவுதான். தொண்ணூற்றாறாம் ஆண்டு அந்தப் பக்கத்தில் எந்த மரத்தடியில் நின்றாலும் ஒரு யாழ்ப்பாணத்தான் நின்றான். எல்லோரும் ஊரில் தங்களுக்குக் கல்வீடும் நன்னீர்க் கிணறும் இருந்த கதையைச் சொன்னார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆனால் ஏரம்பரிடம் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. கிளாலிக் கடலால் வள்ளத்தில் வரும்போது அலுமாரியை விட்டார், கதிரைகளை விட்டார், மனைவி இரஞ்சிதத்தின் தையல் மெசினையும் விட்டார். இதை மட்டும் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தையல் மெசின் விசயத்தை இரஞ்சிதம் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. வந்த இடத்தில் ஒரு ரீவியையும் டெக்கையும் எப்படியோ பிடித்து, குளக்கட்டுக்குக் கீழே ஒரு கொட்டிலைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் படம் காட்டத் தொடங்கினார். பெற்றோலைக் கண்ணாலும் காண முடியாத காலம். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. எனவே படம் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கமாயிற்று. வீட்டு விளக்கை நூர்த்துவிட்டு அந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். சனம் படத்துக்கு அப்படிக் காய்ந்துபோய்க் கிடந்தது.

இருந்த தமிழ்ப் படங்களை எல்லாம் மனப்பாடம் ஆகும்வரை போட்டு முடிந்த பிறகு, எவனோ ஒரு லொறிக்காரன் ஒரு சாக்கு இங்கிலிசுக் கசெற்றுகளைக் கொண்டுவந்து தந்தான். எல்லாம் ஒரே சாதிப் படங்கள். வங்கியை உடைப்பது, சூதாட்டக்காரனை ஏமாற்றுவது, பெரிய பணக்காரனைக் கூட்டமாகச் சேர்ந்து மொட்டை அடிப்பது. சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏரம்பர் பூவரசந் தடியொன்றை முறித்துக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார்.

அவர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இங்கிலிசு, காணி விண்ணப்பமும் நினைவூட்டற் கடிதமும் எழுதிய இங்கிலிசு. ஒரு கள்ளன் வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கள்ளனுக்குச் சொல்லும் இரகசிய வார்த்தை அவருக்கு எப்படி விளங்கும்? விளங்கவில்லை என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வராது. வாய்க்கு வந்ததை அடித்து விட்டார். இரும்புப் பெட்டியை உடைக்கத் தெரிந்தவனை அந்தக் கூட்டம் இங்கிலிசில் பெட்டிக்காரன் என்று கூப்பிட்டது. “இவன் சவப்பெட்டி செய்யிறவன். ஆரும் செத்தால் உடனை அடக்கம் செய்யக் கூட்டிக்கொண்டு போகினம்,” என்றார் ஏரம்பர். சனம் கடைசிவரை பிணத்துக்காகக் காத்திருந்து, ஒருவரும் சாகாமல் படம் முடிந்ததில் பெரிய ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனது.

ஏமாறப் போகிறவனுக்கு அவர் வைத்த பெயர் கிடாய். கிடாயைக் கதை கொடுத்துக் கூட்டிவருகிறவன் கயிற்றுக்காரன். கொஞ்ச நாளில் ஊர் முழுக்க இதே பாசைதான். சங்கக்கடையில் நிறை குறைந்தால், “என்னையும் கிடாய் ஆக்கப் பாக்கிறியோ?” என்று கேட்டார்கள். கலியாணத் தரகருக்குக் கயிற்றுக்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏரம்பர் குளக்கட்டால் சைக்கிளில் போனால் ஆட்கள் இறங்கி நின்று கதைத்தார்கள். ஊரில் கல்வீட்டோடு இருந்த காலத்திலும் அவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இத்தனை பிழையான விளக்கத்தாலும் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் வந்தது, அவர் சரியாகச் சொன்ன ஒன்றே ஒன்றால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் ஒரு கிழட்டுக் கள்ளன் புதிதாய்ச் சேர்ந்தவனுக்குத் தங்கள் தொழிலை நிதானமாக விளங்கப்படுத்துகிறான். அவன் நிறுத்தி நிறுத்திக் கதைத்ததால் ஏரம்பருக்கும் முழுக்க விளங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் தடியால் ரீவியைத் தட்டிக் காட்டினார்.

“இதை வடிவாக் கேளுங்கோ. களவு முடிஞ்ச உடனை எல்லாக் கள்ளரும் ஓடமாட்டினம். ஒருத்தன் நிப்பான். அவன்தான் ஆறுதல்காரன். கிடாய் பொலிசுக்குப் போகாமல், ஆக்களைக் கூட்டாமல், அவனுக்குப் பக்கத்திலை இருந்து, ‘போனது போகட்டும், மனசை விடாதை’ எண்டு சொல்லிச் சொல்லியே ஆத்துவான். கிடாய் ஆறி எழும்புறதுக்குள்ளை மற்றவங்கள் கடல் கடந்திடுவாங்கள். அதாலை, உங்கட பொருள் களவு போனால், முதல் வந்து ஆறுதல் சொல்லுறவனைப் பிடியுங்கோ. அவன்தான் கள்ளன்ர ஆள்!”

கைதட்டல் விழுந்தது. இரஞ்சிதம் மட்டும், “இது என்ன கண்டறியாத கதை,” என்று முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் உழவு மெசினில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். புளியங்குளத்துப் பக்கம் ஒரு கோயிலில் திருவிழாவாம், அதற்கு மூன்று நாள் படம் காட்ட வேண்டுமாம். ஏரம்பர் முதலில் கொஞ்சம் பின்வாங்கினார். அப்போது அவர்களில் மூத்தவன், “ஐயா, உங்கட கதையைக் கேட்க எங்கட சண்டிலிப்பாய்க் கதை மாதிரிக் கிடக்கு,” என்றான்.

சண்டிலிப்பாய் ஏரம்பரின் சொந்த ஊர். அதோடு முடிந்தது. ஊர்க்காரன் என்றால், எந்த இடம், ஆரின் பிள்ளை என்று ஆதி அந்தம் கேளாமல் யாழ்ப்பாணத்தானால் ஒரு மூச்சும் விட முடியாது.

“சண்டிலிப்பாயிலை எவடம்?”

“கோயிலடி.”

“எந்தக் கோயிலடி? பிள்ளையார் கோயிலோ, அம்மன் கோயிலோ?”

“ரண்டுக்கும் இடையிலை.”

“அப்ப சங்கக்கடை இளையதம்பி வீட்டுக்குக் கிட்டவெல்லோ?”

“ஓம் ஓம், கிட்டத்தான்.”

“பொறும், பொறும். இளையதம்பியின்ர மூத்த மருமகன் ஒராள் உயரமா, பொது நிறமா...”

வந்தவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். ஏரம்பர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. இரஞ்சிதத்தைக் கூப்பிட்டு, “இஞ்சை பார், எங்கட இளையதம்பியின்ர மருமகன் வந்திருக்கிறார்!” என்று ஊர் கேட்கச் சொன்னார். கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தது அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்க்காரன் வேண்டும். வந்தவன் ‘அது நானில்லை’ என்று சொல்லியிருந்தாலும் இவர் விட்டிருக்க மாட்டார்.

ஜெனரேற்றரை முதலில் கொண்டுபோய்ப் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஐயா வந்தால் போதும் என்றார்கள். ரீவியையும் கொண்டு போங்கோ என்றார் இவர். “ஐயோ, அது பொறுப்பான சாமான். நீங்களே கவனமாக் கொண்டு வாங்கோ,” என்றான் மருமகன். அந்தப் பவ்வியத்தில் ஏரம்பர் உருகிப்போனார். அவரும் ஒரு கை கொடுத்துத்தான் ஜெனரேற்றரை உழவு மெசின் பெட்டியில் ஏற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை ரீவியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். கோயில் இருந்தது. திருவிழா முடிந்து இரண்டு மாதம் என்று ஐயர் சொன்னார். ரீவியோடு திரும்பி வந்து இயக்கத்தின் காவல் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார். அங்கே இருந்த பெடியன் பேனையை எடுத்துக்கொண்டு, “அவையள் என்ன பேர் சொன்னவை?” என்று கேட்டான்.

“இளையதம்பியின்ர மருமகன்.”

“அப்பிடி அவர் சொன்னவரோ?”

“இல்லை. நான்தான் சொன்னனான்,” என்றார் ஏரம்பர். பெடியன் தலை நிமிராமல் எழுதினான். சிரிப்பை அடக்குகிறான் என்பது தெரிந்தது.

செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஏரம்பர் முற்றத்தைக் கூட்டுவித்து, பாய் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு வீட்டில் இழப்பு என்றால் சனம் வந்து இருக்கும். அது வன்னியானாலும் யாழ்ப்பாணமானாலும் ஒன்றுதான். போன மாரியில் விறகுக்கார மாயாண்டியின் எருது செத்தபோதுகூட அவன் முற்றத்தில் இருக்க இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு இப்போது ஜெனரேற்றரைவிட அந்த வருகைதான் வேண்டியிருந்தது. ஜெனரேற்றர் இல்லாத ஏரம்பரும் இந்த ஊருக்கு ஒரு ஆள்தானா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருவரும் வரவில்லை. குளக்கட்டால் போனவர்கள் இந்தப் பக்கம் திரும்பாமலே போனார்கள். படத்துக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கிற ஆட்கள்கூட வேலியைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார்கள். மறுநாளும் அப்படித்தான்.

“நன்றி கெட்ட சனம்,” என்றார் ஏரம்பர். “பாத்தியே, ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை.”

“எப்பிடி வருவினம்?” என்றாள் இரஞ்சிதம். “முதல் ஆறுதல் சொல்ல வாறவன்தான் கள்ளன்ர ஆள் எண்டு தடியாலை தட்டித் தட்டிச் சொன்னது ஆர்? எந்தப் பைத்தியம் முதல் ஆளா வரும்?”

அந்தப் பின்னேரமே மாயாண்டியும் மனைவி மீனம்மாவும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருக்கிறவர்கள். மாயாண்டி விறகு வெட்டி ஏற்றுகிறவன். மீனம்மா ஒரு கேத்திலில் தேத்தண்ணியும், சீனி கிடைக்காத காலமாதலால் பனங்கட்டியும் கொண்டுவந்திருந்தாள். ஏரம்பருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் குந்தினாள்.

“போனது போகட்டுங்கய்யா,” என்றாள். “மனச விட்டுறாதீங்க.”

சொல்லுக்குச் சொல் அதே வார்த்தை. இரண்டு நாளாக மனம் ஏங்கிக் கிடந்த ஆறுதல் வந்து சேர்ந்தபோது, ஏரம்பர் அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சொல்லு பார்ப்பம்,” என்றார். “உங்களுக்கு எவ்வளவு பங்கு?”

மீனம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. மாயாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். கேத்திலை எடுத்துக்கொண்டு இருவரும் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள். “ஓடுற ஓட்டத்தைப் பார்,” என்றார் ஏரம்பர்.

இரஞ்சிதம் அடுத்த நாள் கிணற்றடியில் மீனம்மாவை மறித்து, விடாமல் கேட்டு, விசயத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“புளியங்குளத்திலை மரம் விக்கிற மரக்காலைக்கு விறகு ஏத்தப் போன இடத்திலை மாயாண்டி எங்கட ஜெனரேற்றரைக் கண்டவனாம். கைப்பிடியிலை நான் சுத்தின நீலச் சீலைத்துண்டு இருந்ததாம். கிடுகோலையாலை மூடி, லொறிக்கு வைச்சிருந்தவங்களாம். அதைச் சொல்லத்தான் வந்தவை.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“மனம் நொந்து கிடக்கிற ஆளுக்கு முதல் தேத்தண்ணியைக் குடுத்து, ரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் அவையள் விசயத்துக்கு வருவினம். அதுக்குள்ளை நீங்கள் பங்கு கேட்டிட்டியள்.”

“பிறகு சொல்லியிருக்கலாமே!”

“சொன்னால் என்ன கேட்டிருப்பியள்? உனக்கெப்பிடித் தெரியும், நீயும் அவங்கட ஆள்தானே எண்டு கேட்டிருக்க மாட்டியளே?”

ஏரம்பர் கட்டாயம் கேட்டிருப்பார். சைக்கிளை எடுத்து மிதித்தார். மரக்காலையின் பின்பக்கத்தில் கிடுகுகள் குவிந்து கிடந்தன. நிலத்தில் மண்ணெண்ணெய் ஊறிய அடையாளம் இருந்தது. இரவே ஏற்றிவிட்டார்கள், முல்லைத்தீவுப் பக்கம் போனதோ எங்கே போனதோ தெரியாது என்றார்கள்.

திரும்பி வரும்போது அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. மாயாண்டியின் முற்றத்தில் சைக்கிளைச் சாத்தினார். மீனம்மா ஒரு மரக்குற்றியைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள்.

“கெடைச்சுதுங்களா?” என்று மாயாண்டி கேட்டான். ஏரம்பர் இல்லையென்று தலையாட்டினார். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. மீனம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஏரம்பர் காத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“மீனம்மா,” என்றார் கடைசியில். “அண்டைக்குச் சொன்னதைச் சொல்லு பிள்ளை.”

“அதான் அக்காகிட்ட எல்லாம் சொல்லிட்டேங்களே. மரக்காலையில...”

“அதில்லை. அதுக்கு முதல் சொன்னது.”

அவள் புருசனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

“சொல்லலாங்கய்யா,” என்றாள் மீனம்மா. “நீங்க நம்பணுமே.”

ஜெனரேற்றர் போன அன்று அழாத மனிதர், கோப்பையைக் கையில் பிடித்தபடி வாய்விட்டு அழத் தொடங்கினார். அவர்கள் இருவரும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்ல இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது.