ஐஸ்கிரீம் அபராதம்

எங்கள் படையில் ஒரு எழுதாத சட்டம். காட்டுத்தீ அணைக்கப் போன இடத்தில் எவன் மருத்துவக் கூடாரத்துப் பக்கம் ஒதுங்கினாலும், மொத்தப் பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். கணுக்கால் பிசகி ஒருமுறை, குளவி கொட்டி ஒருமுறை நானும் தண்டம் அழுதிருக்கிறேன். லாய்ட் மட்டும் பதினாலு கோடையில் ஒரு குச்சி ஐஸ்கூட வாங்கித் தந்ததில்லை.

"கஞ்சப் பயலே" என்று திட்டினால், "இது இரும்பு ஒடம்புடி டெஸ்ஸி" என்பான்.

இரும்பாம் இரும்பு! புகைக்குள் நின்று மரம் அறுத்துவிட்டு வந்து, லாரிக்குப் பின்னால் குனிந்து குடல் வெளியே வருகிற மாதிரி இருமுவான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வாய் திறந்து சொன்னால் முகாமிலேயே உட்கார வைத்துவிடுவார்கள், ஓவர்டைம் போச்சு. அது இல்லாமல் வேலையில்லாத ஐடஹோ குளிர்காலத்தை எவன் தாண்டுவது?

போன அக்டோபரில் வழக்கம்போல எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தற்காலிக வேலைதானே, அதோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும். அடுத்த மாதமே லாய்டுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். வேலையால் வந்த நோய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால்தான் வைத்தியம். எங்கள் தலைவர் கால்வினும் நானும் அவனோடு அதை முடிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனோம்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட மூச்சுக் கஷ்டம்னு நீங்க யார்கிட்டயும் காட்டலியே?" என்றாள் அங்கிருந்த பெண்.

"நாங்க எல்லாருமே இருமுறவங்கதாம்மா" என்றார் கால்வின்.

"அவங்களும் யாரும் சொல்லலியே, சார்."

மரியாதையாகத்தான் சொன்னாள். மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இந்த ஜூனில் நாங்கள் வேலைக்குத் திரும்பியதும் சம்பளம் கூட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. நிலையத்தில் ஒரே கூத்து. அந்த நேரம் பார்த்து லாய்ட் பெண்டாட்டியின் வண்டியில் வந்து இறங்கினான். மூக்கில் குழாய், கையில் ஒரு ஐஸ் பெட்டி.

"அபராதம்டா. பதினாலு வருஷ பாக்கி!"

யாரும் கை நீட்டவில்லை.

"எழவு வீடு மாதிரி நிக்காதீங்கடா, உருகுது, எடுங்க."

கால்வின் முதலில் எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தோம்.

"மேல்முறையீடு போட்டுப் பாரேன்டா" என்றேன்.

"போட்டாச்சு. பதில் வர்றப்ப வாங்க ஆள் இருக்காது." சிரித்தான் பாவி.

அப்போது அழைப்பு வந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்க மலையில் தீ. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவளுக்கு லாரிப் படியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

கால்வின் திரும்பிப் பார்த்தார். "என்ன டெஸ்ஸி?"

"ஒண்ணுமில்ல. ஐஸ் புரையேறிடுச்சு."

"பொய் சொல்றா!" என்று கத்தினான் லாய்ட். பாதியிலேயே மூச்சு வாங்கியது. "போய்க் காட்டுடி... எழுதி வைக்கச் சொல்லுடி..."

காட்டினால் இந்தத் தீ எனக்கு இல்லை. சம்பளம் கூடியும் வீட்டு வாடகை இன்னும் பாக்கிதான் நிற்கிறது.

அவன் கத்தியது காதில் நன்றாகவே விழுந்தது. லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.