நாற்பத்தாறாம் பக்கத்துப் பாலம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இது ஒரு பிழைதிருத்தத்திலிருந்து வந்தது. ஒரு புத்தகத்தில் ஒரு தாளை நறுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு தாளை ஒட்டவைத்தேன். ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை அந்தத் தாளில் மாட்டிக்கொண்டது.

நான் கதை எழுதுகிறவன் இல்லை. வழி எழுதுகிறவன். ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்ட பழைய பாதைகளில் சைக்கிளில் சுற்றி, எங்கே நிழல் இருக்கிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் முள் அதிகம் என்று ஒரு கையடக்கப் புத்தகம் போட்டேன். ‘இடப்பக்கம் திரும்பவும்’, ‘எச்சரிக்கை: நாய்கள்’ என்று எழுதிப் பழகிய கை. கதைக்குள்ளும் அந்தப் பேச்சு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பல்செட் செய்கிற ஒருவர் தன் சைக்கிளை— [மழையில் தொடங்கினால் பழி மழைமேல் விழுகிறது.]

எத்தனையோ வருஷம் ரயிலைத் தாங்கிய அந்தப் பாலம்— [இதில் பழி பாலத்தின்மேல்.]

அவர் அன்று கொஞ்சம் குடித்திருந்தார்— [பொய். இதற்குப் பிறகு வருகிறேன்.]

2

ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாலை என்பது நிலத்தின் சொல்பேச்சு கேட்டுப் போவது. மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். ரயில் பாதை யார் பேச்சையும் கேட்காது. மேட்டை வெட்டிப் பிளந்துகொண்டும் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிக்கொண்டும் ஒரே மட்டமாகப் போகும். மூச்சு வாங்காது. பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. இருபக்கமும் சோளக்காடு, செங்கல் சூளை, வைக்கோல் அடைத்துவைத்த பழைய ஸ்டேஷன், குட்டையோரம் படுத்திருக்கும் ஆடுகள். கண் எங்கெங்கோ மேயப் போய்விடும். பாதை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்துவிடும்.

அந்த நம்பிக்கை ஓட்டுகிறவனுக்கு வந்தால் பரவாயில்லை. எழுதுகிறவனுக்கு வந்ததுதான் வினை. அந்தத் தடம் மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர். பதினான்காம் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரத்திலும் முள் ஏறியது. ஒட்டுப்போட வைத்திருந்த ரப்பர் தீர்ந்துவிட்டது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். மிச்சம் ஏழு கிலோமீட்டர், அதில் ஒரு பாலம். அச்சகக்காரர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். வந்த வழியில் இரண்டு பாலங்களைப் பார்த்திருந்தேன். இரண்டிலும் புதுப் பலகை. மூன்றாவது மட்டும் வேறு மாதிரியாகவா இருந்துவிடப்போகிறது? பழைய ரயில்வே வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மீதியை எழுதி முடித்தேன்.*

நாற்பத்தாறாம் பக்கம்: ‘மூன்றாவது பாலத்திலும் புதிய பலகைகள் போட்டிருக்கிறார்கள். இறங்காமலே கடக்கலாம்.’

(* முந்தைய வரைவில் இங்கே ஆடு மேய்க்கிற ஒரு பெண் வந்தாள். “பாலத்துல போகலாமா?” என்று நான் கேட்க, “போகலாம் போகலாம், ஆடெல்லாம் போகுதே” என்று சொன்னாள். நன்றாக அமைந்திருந்தது. அவளைக் கோடு போட்டு அடித்து நீக்கிவிட்டேன். அப்படி ஒருத்தி இல்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. பழியில் பாதியைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அதனால் படைத்தேன்.)

3

பல்செட்காரரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது வசதி. முதல் வரைவில் அவரைக் குடிகாரராக்கினேன். இரண்டாவதில் பார்வை மங்கியவர். மூன்றாவதில், பிள்ளை வயதுக்காரர்களோடு போட்டிபோட்டு ஓட்டுகிற வீம்புக்காரர். மூன்றிலும் அவருக்கு நடந்ததற்கு அவரே காரணம். படித்துப் பார்த்துவிட்டு மூன்றையும் கிழித்தேன்.

அவர் மனைவி சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஆள் திரும்பினால் சுவரில் முழங்கை இடிக்கிற அறை. ஜன்னலோரம் மேசை. அதன்மேல் யார் யாருடைய வாயோ வெள்ளைச் சாந்து அச்சுகளாக வரிசையில் திறந்து கிடக்கும். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நடுவார். ஒன்று ஒரு நூல் தூக்கலாக நின்றாலும் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவார். வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை, ஞாயிறு காலையில் சைக்கிள். “ஆறு நாளா அடுத்தவன் வாயையே பார்த்துட்டு இருக்கேன். ஒரு நாளாவது தூரமா எதையாவது பார்க்கிறேனே” என்பாராம். என் புத்தகத்தைச் சைக்கிள் பையிலேயே வைத்திருப்பாராம்.

இவரைக் கவனக்குறைவானவராக ஆக்க என்னால் முடியவில்லை. எவ்வளவோ முயன்றேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை போனவர் திரும்பவில்லை. மறுநாள் ஆற்றோரத்தில் அவரையும் சைக்கிளையும் கண்டெடுத்தார்கள். பை வெள்ளத்தோடு போய்விட்டது, அதற்குள் இருந்த என் புத்தகமும். பழைய ரயில் பாலத்திலிருந்து தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. செய்தித்தாளில் நான்கு வரி வந்தது.

அன்றைக்கே போனேன். பதினான்காம் கல்லைத் தாண்டி, முதன்முறையாக. பதினேழாம் கல் அருகே பாதை வளைகிறது, வளைவு முடிகிற இடத்தில் பாலம். பலகை ஒன்றுகூட இல்லை. இரண்டு இரும்பு உத்தரங்கள், நடுவில் ஆறு. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நேராக அச்சகம். எங்கள் அச்சகக்காரர் தாள்களை மொத்தமாக அடித்துக் கட்டி வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க நூறு நூறாகத் தைத்துக் கொடுப்பவர். முதல் நூறு வெளியே போயிருந்தது. மிச்சம் பரணில் கிடந்தது.

“ஒரு பக்கத்தை மாத்தணும்” என்றேன்.

“எல்லாம் அடிச்சாச்சே சார்.”

“அந்த ஒரு தாளை மட்டும் நறுக்கிட்டு வேற ஒட்ட முடியாதா?”

“முடியும். அடியில ஒரு விரக்கடை விட்டு நறுக்கி, அதுமேல ஒட்டணும். ஒவ்வொண்ணா உட்கார்ந்து செய்யணும். அப்படி என்ன தப்பு விட்டீங்க?”

“எழுத்துப்பிழை.”

நான் கொடுத்த புது வாசகத்தைப் படித்தார்: ‘எச்சரிக்கை! மூன்றாவது பாலத்தில் பலகை இல்லை. வளைவுக்கு முன்பே இறங்கி, இடப்பக்கச் சரிவில் சைக்கிளைத் தள்ளிச் செல்லவும்.’ அவரும் செய்தித்தாள் படிக்கிறவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எழுத்துப்பிழைதான்” என்றார். “வியாழக்கிழமை வந்து வாங்கிக்கங்க.”

இன்னொருவர் விழக்கூடாது என்றுதான் மாற்றினேன். அது உண்மை. கடைகளில் மிஞ்சியிருந்த பழைய பிரதிகளை, தாள் சரியில்லை என்று சொல்லித் திரும்ப வாங்கி வந்ததும் உண்மை. முன்பக்கத்தில் ‘முதல் பதிப்பு’ என்று இருந்ததை மாற்றவில்லை. அது அச்சடித்தபடியே இருந்தது. நான் ஒரு பொய்யும் எழுதவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

5

(இந்த இடத்தில் அவர் விழுவதை எழுதவேண்டும். கதை கேட்கிறது. வளைவில் திரும்பும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிரேக்கைப் பிடித்தாரா, கடைசியாக அவருக்கு—

எழுதமாட்டேன். நான் அங்கே இல்லை. நான் இல்லாத இடத்தைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது.)

6

நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். கிளை நூலகத்தில் உதவியாளர். ஐம்பதை ஒட்டிய வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. இன்னார் என்று சொல்லிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார்.

“புதுப் புத்தகம் வந்தா நான்தான் சார் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, தேதிச் சீட்டு ஒட்டுவேன். போன வாரம் இது வந்தது. அவர் வெச்சிருந்த புத்தகமாச்சேன்னு பிரிச்சேன். நாப்பத்தாறாம் பக்கத்துல எச்சரிக்கைன்னு இவ்வளவு பெரிசா போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா.”

“முன்னாடி திருப்பிப் பார்த்தேன். முதல் பதிப்புதான். அவர் வாங்கினதும் இதேதானே?”

[இந்த இடத்துக்கு என்னிடம் ஏழு பதில்கள் எழுதி இருக்கின்றன. ஏழும் கௌரவமானவை. உண்மையில் நான் சொன்னது கீழே.]

“ஒரே பதிப்புதாம்மா வந்திருக்கு.”

“அப்போ அவர் படிச்சிருக்கார்.”

“சில பேர் கவனிக்காம விட்டுடுவாங்க...”

“யாரு, அவரா?” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படிச்சுட்டுத்தான் சார் முழுங்குவார். இதையா விட்டிருப்பார்?”

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அன்னிக்குக் காலையில சண்டை. என் தம்பி வீட்டுக்குப் போகணும், கிளம்புங்கன்னேன். மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னார். ‘நீங்க கட்டிக்கிட்டது என்னையா, அந்தச் சைக்கிளையா? போங்க, எங்கேயாவது போய்த் தொலைங்க’ன்னு கத்தினேன். எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்னிக்கு மட்டும் வாசல்ல நின்னு திரும்பி என்னைப் பார்த்தார்.” கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “பாலத்துல பலகை இல்லைன்னு தெரிஞ்சேதான் போயிருக்கார், இல்லையா சார்? தவறி விழலை. நான் சொன்னேன்னு போயிருக்கார்.”

நான் ஒட்டவைத்த தாள் ஒரு விபத்தைத் தற்கொலையாக்கி, அதையும் கொண்டுபோய் இந்த அம்மாவின் தலையில் கட்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அவர் படித்தது இது இல்லை.’ நான்கே வார்த்தைகள்.

“தண்ணி குடிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டேன்.

7

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார். செருப்பில் செம்மண் காய்ந்து போயிருந்தது.

“போய்ப் பார்த்துட்டு வந்தேன் சார். பதினேழு கிலோமீட்டரும் நடந்தே போனேன். நீங்க எழுதினது அப்படியே இருக்கு. வளைவு, சரிவு, எல்லாம்.”

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு.

“இன்னொண்ணு சொல்லத்தான் வந்தேன். அந்தத் தாள் மட்டும் அடியில விட்டுக்கிட்டு இருந்தது. யார் கையோடயாவது வந்துடும். அது இல்லாத புத்தகத்தைப் பார்த்துட்டு இன்னொருத்தர் அங்கே போயிட்டா? நம்ம நூலகப் பசையைத் தடவி அழுத்தி ஒட்டிட்டேன். இனிமே கிழிச்சாத்தான் வரும். மத்த புத்தகத்தையும் பார்த்துடுங்க. உங்க அச்சகத்துல சரியா ஒட்டலை.”

தைத்த புத்தகத்தில் ஒரு தாளை மட்டும் ஏன் ஒட்டியிருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கிழிந்த புத்தகங்களைத் தைத்தும் ஒட்டியும் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கேட்காதது தோன்றாததாலா, தோன்றியதாலா? படியிறங்கும் முன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்வேன் என்று காத்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

“பார்த்துப் போங்கம்மா” என்றேன்.

8

முடிவுகள்.

அ. நூலகத்துக்குப் போய், மேசைக்கு எதிரே நின்று சொல்லிவிடுகிறேன். அவர் அழுகிறார். பிறகு, “இப்பவாவது சொன்னீங்களே” என்கிறார். [அந்த வரியை நான் எனக்காக எழுதிக்கொண்டேன். அவர் ஏன் அப்படிச் சொல்லவேண்டும்?]

ஆ. என்னிடம் மிஞ்சியிருக்கும் பழைய பிரதி ஒன்றை, பெயர் போடாமல் தபாலில் அனுப்புகிறேன். [அனுப்ப மூன்று முறை உறை வாங்கினேன். ஒன்றில் கேஸ் ரசீதுகளை வைத்திருக்கிறேன்.]

இ. சொல்லாமலே இருந்துவிடுகிறேன். அவர் சாகும்வரை, தன் வாயால் புருஷனைக் கொன்றதாக நினைத்துக்கொண்டே— [இதுதான் இப்போது நடந்துகொண்டிருப்பது.]

மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். நான் கோழை. கோழைக்கு எழுத வரும், பேச வராது. அதனால்தான் இது கதையாக இருக்கிறது. புத்தகமாக வந்தால் அந்த நூலகத்துக்கும் ஒரு பிரதி போகும். ஆனால் அவர் வருகிற எல்லாவற்றையும் படிப்பதில்லை. முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிடுவார்.

இதை நீங்கள் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தால், கடைசிப் பக்கத்தில் உள்ள தேதிச் சீட்டைத் தடவிப் பாருங்கள். நான்கு மூலையும் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தால் அது அவருடைய கையாக இருக்கலாம். திருப்பிக் கொடுக்கப் போகும்போது, கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஓர் அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தால், இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள். அவருக்கு வேண்டியது இந்த மூன்று வரிதான்:

அம்மா, அவர் வாங்கிய புத்தகத்தில் நாற்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது ‘இறங்காமலே கடக்கலாம்’ என்பது. எச்சரிக்கையை நான் பிறகு ஒட்டினேன். அவர் கவனமாகத்தான் படித்தார்.

வைப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. கை அங்கே வரைக்கும் போகும், பிறகு நமக்கெதற்கு வம்பு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதுவரை விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அச்சகக்காரரும். இப்போது உங்களுக்கும் தெரியும்.