கறிவேப்பிலையும் அருளானந்தனின் தரையும்

என் கணவர் அருளானந்தன் போன கோடை விடுமுறை முழுவதும் முழங்காலில் நின்று வரவேற்பறைக்குப் பலகைத் தரை போட்டார். நல்ல தரைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தரைக்கு இருந்த மரியாதை இந்த வீட்டில் எனக்கு இல்லை.

எனக்கென்று இருந்தது ஒரேயொரு கறிவேப்பிலை மரம். பதினொரு வருடமாக வளர்க்கிறேன். இந்தப் பனிநாட்டில், அம்மருட் அடுக்குமாடியின் எட்டாம் மாடியில், ஒக்டோபரில் பல்கனியிலிருந்து உள்ளே எடுத்து, பனி முடியும்வரை யன்னலோரம் வைத்து உயிரோடு காப்பாற்றுவது சும்மா வேலையா? இந்த முறை அவருடைய தரைக்காகவே மரம் நிற்கும் சாடிக்குக் கீழே தட்டு வைத்தேன். தட்டுக்குக் கீழே காற்றுப் போக நாலு கட்டைத் துண்டும் வைத்தேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, பத்து நாளைக்கு ஒருமுறை அரைத் தம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் தை மாதம் தட்டு நிரம்பி வழிந்து, பலகையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

"பாரும் புளோறன்ஸ், உம்முடைய மரம் செய்த வேலையை!"

"நான் பத்து நாளைக்கொருக்காத்தான் தண்ணி விடுறனான்."

"அப்ப மிச்சத் தண்ணி வானத்தில இருந்தே வந்தது?"

என்னைப் பொய்க்காரி என்கிறார்! அதோடு விட்டாரா? மறுநாள் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து மரத்தைத் தூக்கிப் பல்கனியில் வைத்துவிட்டார். வெளியே மைனஸ் பதினாலு. நான் திரும்பி வந்தபோது இலையெல்லாம் அவித்த கீரை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"செடிதானே, கோடையில வேற ஒண்டு வாங்கலாம்" என்றார்.

மரத்தை ஒரு சாண் விட்டு வெட்டி, சூடேற்றிய குளியலறைத் தரையில் வைத்தேன். மூன்று நாள் காலையும் மாலையும் தளிர் வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நாலாம் நாள் சனிக்கிழமை. வேலை நாட்களில் அவர் எழும்ப முன்பே போய்விடுகிற நான் அன்று காலையில் சோபாவில் இருந்தேன். அவர் பிரஷர் குளிசையைப் போட்டு, பாதித் தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரோடு நேரே யன்னலடிக்குப் போனார். குடித்து மிஞ்சிய தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற அவருக்கு மனம் வராது, ஏதாவது மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். கீழே பனி மூடிக் கிடந்த கார்களைப் பார்த்துக்கொண்டே கையைச் சரித்தார். சாடி இல்லாத வெறும் பலகையில் தண்ணீர் சளாரென்று விழுந்தது.

"ஒவ்வொரு நாளும் ஊத்தினனீங்களோ?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "மிச்சத் தண்ணிதானே... ஏன் வீணாக்குவான் எண்டு..."

எழுந்து போய்ப் பல்கனிக் கதவை அகலத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது.

"போங்கோ. மரம் நிண்ட இடத்தில நீங்களும் ஒரு பகல் நிண்டு பாருங்கோ."

அவர் போகவில்லை. துணி எடுத்து வந்து, முழங்காலில் நின்று துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடியும்வரை நான் கதவைச் சாத்தவில்லை.