படிக்காமல் விட்ட வரி

என் வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கம் எங்கள் தமிழ்க் காலனியில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நாலு வருஷமாகக் காலையில் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, விசில் ஊதி வீடு வீடாகக் குப்பை வாங்குகிறவள் நான். சர்க்கார் இந்த வேலைக்கு வைத்த பெயர் கிரீன் அம்பாசிடர். சுலோச்சனா என்ற எனக்குக் காலனி வைத்த பெயர் குப்பை இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஈரக் குப்பைக்கு ஒரு பக்கெட், காய்ந்த குப்பைக்கு ஒரு பக்கெட் என்று சட்டம் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சோற்றுக்குள் ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தாலும் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு, பொறுக்கி முடிக்கும்வரை நகரமாட்டேன். கிருஷ்ணப்பா ஒருமுறை உடைந்த டியூப்லைட்டை முருங்கைக் காம்புக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொடுத்தார். மூன்று நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அவர் மனைவி தெருவுக்கு வந்து, "குப்பைய எடுத்துக்கோ சுலோச்சனா, வேணும்னா இந்த மனுஷனையும் சேத்து இட்டுனு போ" என்றாள்.

இப்படிச் சண்டை போட்டே ஊரைப் பழக்கினேன். காலனிக்குக் கிழக்கே ஷெட், அதில் நாலு மண்புழுத் தொட்டி. எங்கள் உரம் போட்ட கத்தரிச் செடியைப் பார்க்கச் சத்தியவேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போன வருஷம் மாவட்டத்திலேயே நன்றாகப் பிரிக்கிற ஊர் என்று திருப்பதிக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வை பாலியஸ்டர்தான், இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது மடியை விட்டு இறக்கவில்லை.

ஷெட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு. அதன் ஓரத்தில் எங்கள் குடிதண்ணீர் போர்வெல். காலனி முழுக்கக் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான், வேறு கதி கிடையாது. அதைப் போட வைத்தவள் பொன்னியம்மா. எனக்கு அத்தை முறை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காலிக் குடத்தோடு தாசில்தார் ஆபீஸ் வாசலில் ஆறு நாள் உட்கார்ந்து வாங்கியது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், திட்ட அதைவிட நன்றாக வரும். எழுத்துதான் தெரியாது. நான் படித்தது காலனித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. நைனா போன பிறகு சிரஞ்சீவியை மட்டும் புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் சேர்த்தேன். வீட்டில் ஒருத்தனாவது சர்க்கார் எழுத்தைப் படிக்கட்டும் என்ற ஆசை. கல் உடைத்தேன், கரும்பு வெட்டினேன், அவன் டிகிரி முடித்தான். கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர்ச் சர்க்கார் ஆபீஸில், வேலையும் கிடைத்தது.

அன்றிலிருந்து காலனிக்கு எந்தக் காகிதம் வந்தாலும் சிரஞ்சீவிதான். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்று தெலுங்கைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்வான். அவன் சொன்னதும் நாங்கள் தமிழில் கையெழுத்துப் போடுவோம். தெலுங்கு படிக்கத் தெரிந்த பிள்ளைகள் காலனியில் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொருவரிடம் காட்டினால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் எங்கள் தலையில் மண்ணைப் போட்டது.

தை மாதம் கிராம சபைத் தீர்மானம் ஒன்று வந்தது. சிரஞ்சீவி வழக்கம்போலத் தொட்டிக்கு அடியில் நின்று படித்தான். ஷெட் பெரிதாகும், ஒன்றரை ஏக்கரும் அதோடு சேரும், புதிதாக ஆறு மண்புழுத் தொட்டி கட்டுவார்கள், நாலு பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்றான். எல்லாருக்கும் சந்தோஷம். பொன்னியம்மா மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளியூரு குப்பை இங்க வருமாடா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. நம்ம குப்பைக்குத்தான்" என்றான்.

"போர் பக்கத்துல கீது. நல்லா பாத்துச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. என் தம்பியை நாலு பேர் முன்னால் இரண்டு முறை கேட்பதா? நான் நடுவில் போய், "அவன்தான் படிச்சிச் சொல்றானே அத்தை. அவனுக்கு நான் ஜாமீன் நிக்கிறேன். அப்பால இன்னா?" என்றேன். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

மாசியில் சிரஞ்சீவிக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. அவன் பெண்டாட்டி சந்தியா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். இத்தனை நாள் கிடைக்காதது திடீரென்று எப்படிக் கிடைத்தது என்று யோசிக்க எனக்கு மூளை இல்லை. வீட்டுக்கு வீடு மைசூர்பாகு கொடுத்தேன்.

சித்திரை பிறந்த நாலாம் நாள் முதல் லாரி வந்தது. டவுன் லாரி. தார்ப்பாயை இழுத்ததும் ஓட்டல் எச்சில் இலை, கோழிக் கழிவு, குழந்தை டயப்பர், மருந்துப் பாட்டில் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கொட்டியது. நான் ஓடிப்போய் அடுத்த லாரிக்குக் குறுக்கே நின்றேன். நகரிப் பக்கத்து டிரைவர், பெயர் கமலக்கண்ணன், அவரும் தமிழ்க்காரர்தான்.

"இது எங்க ஊரு குப்பை இல்ல. திருப்பி எடுத்துக்கினு போ."

"என்னைக் கோச்சுக்கினு இன்னா பண்றது அக்கா? உங்க ஊரே ஒத்துக்கினு கையெழுத்துப் போட்ட பேப்பர் கீது" என்று ஒரு ஜெராக்ஸை நீட்டினார்.

கடைசிப் பக்கத்தில் வரிசையாகத் தமிழ்க் கையெழுத்துகள். முதலில் பொன்னியம்மாவுடையது. படித்துக் காட்டச் சொன்னேன். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தெலுங்கில் சத்தமாகப் படித்தார். சுற்றியுள்ள மூன்று டவுன்களின் குப்பையைப் பத்து வருஷத்துக்கு இந்த இடத்தில் கொட்ட ஊர் மக்கள் சம்மதிக்கிறார்கள். குப்பை பிரிப்பதில் மாவட்டத்திலேயே சிறந்த ஊர் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு இதுதான்.

அதோடு முடியவில்லை. கடைசியில் இரண்டு வரி இருந்தது. அவற்றைப் படிக்கும்போது கமலக்கண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "இந்தக் காலனி மக்கள் குப்பை வேலைக்குப் பழகியவர்கள், நாற்றம் அவர்களுக்குப் பொருட்டல்ல. அங்குள்ள சுலோச்சனா என்ற பெண்ணே இதற்கு உதாரணம்."

மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"வுடுக்கா. எழுதறவனுங்க எதையாவது எழுதுவானுங்க" என்றார்.

"யாரு எழுதனதுன்னு போட்டுகீதா?"

கீழே பார்த்தார். "குறிப்புத் தயாரித்தவர், டி. சிரஞ்சீவி."

நான் லாரிக்கு முன்னாலிருந்து விலகிவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு? அந்த ஜெராக்ஸை மட்டும் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். நாற்றம் எனக்குப் பொருட்டில்லையாம். குளித்துச் சோறு தின்னும்போதும் கையை மோந்து பார்த்து மறுபடி சோப்புப் போடுகிறவள் நான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் அவன்.

தினமும் ஆறு லாரி வந்தது. பத்தாம் நாள் ஒரு கோடை மழை. மறுநாள் காலையில் குப்பையிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீர் போரின் சிமெண்ட் மேடைவரை வந்து தேங்கியிருந்தது. காலனியில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். பொன்னியம்மா மட்டும், "உன் மூஞ்சியப் பாத்துதாண்டி போட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை திருப்பதியில் கலெக்டர் மனு வாங்குவார். எல்லாருமாகப் போவது என்று முடிவானது. படித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருந்தது வேறு என்று மனுவில் எழுத வேண்டும். கிருஷ்ணப்பாவின் மருமகள் ஹரிதா தெலுங்கில் எழுதித் தருவதாகச் சொன்னாள். ஜெராக்ஸ் என்னிடம் இருப்பதைச் சொன்னேன். ஆனால் பிரித்துக் காட்டவில்லை. சிரஞ்சீவியே வந்து படிக்கட்டும், அதுதான் சாட்சி என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அது பாதி உண்மைதான். மீதி, எனக்குள் ஒரு நப்பாசை. மேலதிகாரி மிரட்டியிருப்பான், பயந்து எழுதியிருப்பான். எல்லார் முன்னாலும் அவனே முழுசாகப் படித்து, "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், அவன் பக்கத்தில் நின்று அவனுக்காக நானே பேசுவேன் என்று இருந்தேன். போனில் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து அந்தத் தீர்மானத்தை இன்னொரு வாட்டி படிச்சுட்டுப் போடா" என்றேன். கடைசி வரி எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. தானாகச் சொல்கிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தான். தொட்டிக்கு அடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஹரிதா வெள்ளைத்தாளும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஜெராக்ஸை அவன் கையில் கொடுத்து, "ஒண்ணு வுடாம படி" என்றேன்.

படித்தான். மூன்று டவுன் என்று வந்த இடத்தில் நிறுத்தி, "இதை அன்னைக்கு நான் கவனிக்காம வுட்டுட்டேன். மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டான். கூட்டம் இரைந்தது. கிருஷ்ணப்பா அடிக்கவே எழுந்தார், மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷத்தைப் படித்தான். சிறந்த ஊர் என்றதைப் படித்தான். பிறகு காகிதத்தை இரண்டாக மடித்தான்.

"அவ்ளோதான்."

"இன்னும் ரெண்டு வரி கீதுடா."

"இல்லக்கா. அது ஆபீஸ் நம்பரு, தேதி. உனக்குத் தெரியாது."

தெலுங்கு எழுத்து தெரியாதவள் அக்கா, அந்தத் தைரியம். சண்டைக்காரி நான், ஆனால் அப்போது கத்த வரவில்லை. சால்வை போட்ட மேடையில் பேசியதைவிட மெதுவாக, அந்த இரண்டு வரியையும் தெலுங்கிலேயே, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். என் பெயர் வரும் இடத்தையும் சேர்த்துச் சொன்னேன். காதால் கேட்கும் தெலுங்கு காலனியில் எல்லாருக்கும் புரியும், அதை யாருக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹரிதா எழுந்து அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். அப்படித்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். எழுதியவன் பெயர் இருந்த பக்கத்தின் அடிக்கு அவள் கண் இன்னும் போகவில்லை.

"நம்மளப் பத்தி இப்டி எழுதனவன் யாரு?" பொன்னியம்மா எழுந்து முன்னால் வந்தாள். "மனுவுல மொதல்ல அவன் பேரப் போடு. அவன் வேலை போவணும்."

சிரஞ்சீவி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைத்தபோது, ஏழாவதில் பெயிலானபோது, சந்தியா வீட்டார் ஆளோடு சண்டைக்கு வந்தபோது, ஏதாவது சொல்லிச் சமாளி அக்கா என்று கேட்ட பார்வை. ஒவ்வொரு முறையும் சமாளித்திருக்கிறேன். இப்போதும் ஒரு பொய் போதும். மேலே எவனோ ஆபீசர் என்று சொன்னால், என்னை நம்பி எழுதிவிடுவார்கள்.

ஹரிதா பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"சிரஞ்சீவின்னு எழுதிக்கோ" என்றேன். "என் தம்பி."