பூவரசு நின்ற பக்கம்

"மாமா வராம நான் மணவறையில இருக்க—"

"அவன்ட பேர இந்த வளவுக்குள்ள எடுக்காத."

"—மாட்டன் எண்டுதான் சொல்லுறன், கேளுங்களன் அம்மா."

"எடுக்காத எண்டன். பூவரசக் கட்டிப் புடிச்சுக்கொண்டு, தம்பி, தம்பி எண்டு கத்துறன். கொப்பாவத் தண்ணி இழுத்துக்கொண்டு போகுது. பத்து முழம் இரிக்கா, என்னக் கடந்து ஓடினான். கிறுகியும் பாக்கல்ல. அவனுக்குத் தன்ட உசிர்தான் வெல்லம்."

கலாஜினி சுளகைக் கீழே வைத்தாள். கடல் வந்து அவளின் அப்பா ஏரம்பமூர்த்தியைக் கொண்டுபோய் ஐந்து வருஷமாகப் போகிறது. நாட்டில் நடந்த சண்டையும் வைகாசியோடு ஓய்ந்துவிட்டது. அம்மா சீனிப்பிள்ளைக்குத் தன் தம்பி நல்லரத்தினத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் ஓயவில்லை. மாங்கேணியில் யார் அவன் கதையை எடுத்தாலும், கல்நெஞ்சன் என்பாள். கரைவலை இழுக்கையிலும் சொன்ன இடத்தில் நிற்கமாட்டான், தான் நினைத்த பக்கந்தான் நிற்பான், மண்டைக்கனம் அவனோடு கூடப் பிறந்தது என்பாள்.

"அப்ப நீங்க?" என்றாள் மகள். "சண்டைக்குள்ள வாகரையால வெளிக்கிட்ட அண்டு பக்கத்து வளவு இரத்தினம்மா மாமி கரையில நிண்டு உங்கட பேரச் சொல்லித்தானே கூப்பிட்டவ. நீங்க கிறுகினீங்களா?"

"அது வேற கத. வள்ளம் முட்டச் சனம். இன்னொராள் ஏறினாக் கவிழ்ந்திரும். செல் விழுந்து வெடிச்ச சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

"கிட்ட இருந்த எனக்குக் கேட்டதே."

சீனிப்பிள்ளை சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். இரத்தினம்மாவை மூன்றாம் நாள் அந்தக் கரையிலேயேதான் புதைத்தார்கள்.

அடுத்த நாள் காலை வெற்றிலைத் தட்டோடு தம்பி வீட்டுப் படலையைத் திறந்தாள். நல்லரத்தினம் தென்னைக்குக் கீழே கடலைப் பார்த்து உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி."

ஊசி நிற்கவில்லை.

"தம்பி, நான்தான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். சீனிப்பிள்ளை தட்டை இடுப்பில் இடுக்கினாள். நாய் வாலை நிமிர்த்த ஏலுமா? மகளின் சொல் கேட்டு வந்தவள் தன்னையே நொந்துகொண்டு திரும்பினாள்.

"மச்சாள்." அவன் மனைவி புஸ்பம் வாளியோடு ஓடி வந்தாள். "அந்தப் பக்கம் நிண்டு கூப்பிட்டா அவருக்குக் கேக்காது. இஞ்சால வாங்க."

"என்ன கேக்காது?"

"இடக்காது. தொண்ணூறில செல்லடிச்ச அண்டையோட போயிற்று. வலை இழுக்கிறவனுக்கு, எல்லாரும் ஒண்டா இழுக்கப் பாடுற அம்பாப் பாட்டுக் கேக்காட்டி ஆர் வேலைக்கு எடுப்பாங்க? அதாலதான் பாட்டுக்காரனுக்கு வலக்காதக் குடுத்து நிக்கிறவர். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கினவர். நீங்களே வந்திட்டீங்க, இனி மறைச்சு என்ன."

சீனிப்பிள்ளை நின்ற இடத்திலேயே கண்ணை மூடினாள். அன்றைக்கு அவன் கடலுக்கு முதுகு காட்டி ரோட்டுப் பக்கம் ஓடினான். வளவுக் கிணறு அவனுக்கு வலப்பக்கம். பூவரசு மற்றப் பக்கம். ஐந்து வருஷமாக ஊரெல்லாம் சொன்ன கதையில் அவள் ஒருநாளும் தான் நின்றது எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை.

முன்னால் போய் நின்றவளின் நிழல் விழுந்ததைக் கண்டு நல்லரத்தினம் நிமிர்ந்தான். தட்டைப் பார்த்தான். எழும்பப் பார்த்தான், கால் வலைக்குள் சிக்கியது.

"அக்கா," என்றான். குனிந்து வலையைக் காலில் இருந்து கழற்றினான்.

"இரி தம்பி. கலாஜினிக்கு ஆவணியில கலியாணம். நீதான் முன்னுக்கு நிக்கவேணும்."

அவன் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவனுக்கு இடப்பக்கம் மணலில் இருந்தாள். இருவரும் கடலைப் பார்த்தார்கள். சொல்ல நினைத்ததை அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். சொன்னதாகவும் இருக்கும், கேட்டதாகவும் இராது. பிறகு கையை ஊன்றி எழும்பி, சுற்றிவந்து அவனுக்கு வலப்பக்கம் இருந்தாள்.

"வாகரையால வரக்குள்ள இரத்தினம்மா என்னக் கூப்பிட்டவள் தம்பி. எனக்குக் கேட்டது."